டேஷ்போர்டில் ‘ஆஃப்’ என்று காட்டுகிறது, கீசர் ஓடிக்கொண்டே இருக்கிறது

பாதிவெளிச்சம் எழுதியது:

வணக்கம். ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, அதில் டாக்கர் வழியாக (நிரல்களைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் மென்பொருள்) வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்தில் இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை ஓட்டுகிறேன், நாலு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் பல்புக்கு ஒரு ஆப், பிளக்குக்கு ஒரு ஆப், கதவு சென்சாருக்கு ஒரு ஆப், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு. இப்போது பிரவுசரில் மடிக்கணினியின் முகவரியோடு 8123 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் எல்லாம் டேஷ்போர்டு என்ற ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறது. அதுவரைக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அந்தப் பக்கத்தை நம்ப முடியவில்லை. போன வாரம் படுக்கப் போகும் முன் போனில் கீசர் பிளக்கை அணைத்தேன், ‘ஆஃப்’ என்று மாறியது, போனைக் கீழே வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பிளக்கின் விளக்கு எரிகிறது, ராத்திரி முழுக்க ஆனில் இருந்திருக்கிறது. இது போதாதென்று பின்கதவு சென்சார் இரண்டு நாளாக ‘மூடியிருக்கிறது’ என்றே காட்டியது. போய்ப் பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, சென்சாரில் பேட்டரி செத்துப்போயிருக்கிறது.

பிளக் வைஃபை, அதன் நிறுவனத்தின் கிளவுட் கணக்கு வழியாக இணைத்தது. கதவு சென்சார் ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேடியோ வகை), அதைப் பிடிக்க ஒரு யுஎஸ்பி டாங்கிளும், அது கேட்பதை ஹோம் அசிஸ்டன்டுக்குச் சொல்லும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளும். வெளியூர் போகும்போதும் இந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும், ரூட்டரில் போர்ட்டைத் திறந்து இணையத்திலிருந்து நேராக உள்ளே வர வழிவிடு என்று ஒரு நண்பர் சொன்னார், செய்யலாமா?

சுவிட்ச்போர்டு எழுதியது:

முதலில் கீசர் விஷயம். நீங்கள் பட்டனைத் தட்டியதும் பக்கம் ‘ஆஃப்’ என்று மாறியதே, அதை பிளக் சொல்லவில்லை. கட்டளை போய்விட்டது, எப்படியும் அணைந்துவிடும் என்ற நம்பிக்கையில் மென்பொருளே மாற்றிக்கொள்கிறது. உங்கள் வீட்டு மடிக்கணினியிலிருந்து கிளம்பிய கட்டளை எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்ப உங்கள் வீட்டுக்கே வந்து, குளியலறைச் சுவரில் இருக்கும் பிளக்கைச் சேர வேண்டும். நடுவில் எங்கே விழுந்தாலும் பிளக்குக்குத் தெரியாது. அடுத்த முறை சர்வரிடம் நிலையைக் கேட்கும்போதுதான் பக்கம் மீண்டும் ‘ஆன்’ ஆகும், அதற்குள் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். ஹிஸ்டரியில் அந்த ராத்திரியைத் திறந்து பாருங்கள், ‘ஆஃப்’ என்பது ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு இணைப்பும் எந்த வகை என்று ஹோம் அசிஸ்டன்ட் ஆவணத்திலேயே போட்டிருப்பார்கள்: லோக்கல் புஷ், லோக்கல் போலிங், கிளவுட் புஷ், கிளவுட் போலிங், அப்புறம் அஸ்யூம்டு ஸ்டேட் (ஊகித்த நிலை). லோக்கல் என்றால் வீட்டுக்குள்ளேயே, கிளவுட் என்றால் நிறுவனத்தின் சர்வர் வழியாக; புஷ் என்றால் நிலை மாறியதும் தானே சொல்லும், போலிங் என்றால் நாம் அவ்வப்போது கேட்க வேண்டும். கடைசி வகையில் சாதனம் பதிலே சொல்லாது, அதனால்தான் அதற்கு வழக்கமான சுவிட்ச் படம் வராமல் ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு ஒன்று என இரண்டு மின்னல் பட்டன்கள் வரும். வாங்கும் முன்னால் இந்த ஒரு வரியைப் பார்த்தாலே பாதித் தலைவலி தீரும். நான் பார்க்காமல் வாங்கி, அந்த நிறுவனம் ஒரு நாள் சர்வரை மூடியபோது ஏழு பிளக்குகளைப் பெட்டியில் போட்டு வைத்தவன்.

இன்னொன்று, பிளக் மின் அளவைச் சொல்லுமானால் டேஷ்போர்டில் ஆன்/ஆஃப் பட்டனுக்குப் பக்கத்திலேயே வாட் எண்ணையும் போடுங்கள். 2000 வாட் என்று நின்றால் கீசர் ஓடுகிறது, அதில் சந்தேகமே இல்லை. தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் துண்டித்துவிடும், அப்போது பிளக் ஆனில் இருந்தாலும் 0 காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அடுப்படிப்பூனை எழுதியது:

மேலே சொன்னது சரி, ஆனால் கீசர் மாதிரி சூடாகும் பொருளுக்கு டேஷ்போர்டையோ ஆட்டோமேஷனையோ நம்பவே கூடாது என்பது என் கட்சி. ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும், மடிக்கணினி தொங்கும், அந்த நேரத்தில்தான் அணைக்கவேண்டிய கட்டளை வரும். தானாக அணையும் நேரத்தைப் பிளக்குக்குள்ளேயே வைத்துவிடுங்கள். டாஸ்மோட்டா (நிறுவனத்தின் மென்பொருளுக்குப் பதிலாகப் பிளக்குக்குள் போடும் மென்பொருள்) போட்ட பிளக்கில் பல்ஸ்டைம் 1900 என்று கொடுத்தால் போதும், அதில் 100ஐக் கழித்தால் 1800 விநாடி, அதாவது அரை மணி நேரத்தில் அதுவே அணைந்துவிடும், வீட்டில் வைஃபையே இல்லாவிட்டாலும். ஷெல்லி நிறுவனத்தின் பிளக்கில் ஆட்டோ ஆஃப் என்று அதே வசதி இருக்கிறது. உங்கள் பிளக்கின் சொந்த ஆப்பிலும் கவுன்ட்டவுன் மாதிரி ஏதாவது இருக்கும், ஆனால் அது பிளக்குக்குள் ஓடுகிறதா கிளவுடில் ஓடுகிறதா என்று இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

பிளக் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கீசருக்குச் சின்ன பிளக்கைப் போட்டு உருக்கியவர்கள் உண்டு.

நீண்டஅலை எழுதியது:

கதவு சென்சாருக்கு வருகிறேன். பேட்டரியில் ஓடும் ஜிக்பீ சாதனம் முக்கால்வாசி நேரம் தூங்கும், கதவு அசைந்தால் பேசும், இல்லாவிட்டால் எப்போதாவது ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். செத்துப்போனால் சொல்லாது, கடைசியாகச் சொன்னது அப்படியே பக்கத்தில் நிற்கும். ஜிக்பீ2எம்க்யூடிடியில் அவைலபிலிட்டி என்ற வசதி இருக்கிறது, அதை நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும். மின்சாரத்தில் ஓடுபவை 10 நிமிடம் பதில் தராவிட்டால் ‘இருக்கிறாயா’ என்று பிங் செய்து பார்க்கும், பேட்டரியில் ஓடுபவைக்கு 1500 நிமிடம், அதாவது 25 மணி நேரம் மௌனமாக இருந்தால்தான் ‘ஆஃப்லைன்’ என்று குறிக்கும். ஆக அதை நம்பினாலும் ஒரு நாள் பொய் நிற்கும். லாஸ்ட் சீன் என்பதையும் ஆன் செய்து, ‘கடைசியாகப் பேசியது எப்போது’ என்பதைக் கதவின் பெயருக்குக் கீழேயே காட்டுங்கள். ‘மூடியிருக்கிறது, 19 மணி நேரம் முன்பு’ என்று இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

சாதனங்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறையான எம்க்யூடிடியை 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக உருவாக்கினார்கள். இணைப்பு அறுந்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்ற கவலை அப்போதே இருந்ததால்தான் அதில் ‘லாஸ்ட் வில்’ இருக்கிறது: சாதனம் இணையும்போதே ‘நான் திடீரென்று காணாமல் போனால் இந்தச் செய்தியை அனுப்பிவிடு’ என்று புரோக்கரிடம் (செய்திகளை வாங்கி அனுப்பும் நடுவர் நிரல்) எழுதிக் கொடுத்துவிடும், கிட்டத்தட்ட உயில்தான். ஜிக்பீ சென்சாருக்கு இது நேரடியாகக் கிடையாது, வைஃபை பிளக்கை டாஸ்மோட்டாவுக்கு மாற்றினால் கிடைக்கும்.

டாங்கிளை மடிக்கணினியில் நேராகச் செருகியிருந்தால் ஒரு நீளமான யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், ஜிக்பீயும் அதே அலைவரிசைதான்.

வாசல்காவல் எழுதியது:

போர்ட்டைத் திறக்காதீர்கள். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் திறந்த போர்ட்டைத் தேடி நாள் முழுக்க இணையத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு, உங்கள் வீட்டுக் கதவு எப்போது திறந்தது என்ற வரலாறே அந்தப் பக்கத்தில் இருக்கிறது. வயர்கார்டு போடுங்கள், வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வர உதவும் விபிஎன் அது. ரூட்டருக்குச் சொந்தமான பொது ஐபி இல்லாமல் சிஜிநாட் (பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருந்தால், வயர்கார்டு மேலேயே கட்டிய டெய்ல்ஸ்கேல், ஐந்து நிமிட வேலை. இல்லை, எதையும் நோண்ட மனமில்லை என்றால், வெளியிலிருந்து ஹோம் அசிஸ்டன்டைப் பார்க்க வழி தரும் நபு காசா சந்தா. எதைச் செய்தாலும் இருகட்டச் சரிபார்ப்பை ஆன் செய்துவிடுங்கள், அது ஹோம் அசிஸ்டன்டிலேயே உங்கள் புரொஃபைல் பக்கத்தில் இருக்கிறது.

பாதிவெளிச்சம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றாகச் செய்தேன். சுவிட்ச்போர்டு சொன்னது அப்படியே: ஹிஸ்டரியில் ‘ஆஃப்’ 38 விநாடிதான் இருக்கிறது, பிறகு விடியும் வரை ‘ஆன்’. இணைப்பு வகை கிளவுட் போலிங். இணையத்தைத் துண்டித்துப் பார்த்தேன், ஆப்பில் இருந்த கவுன்ட்டவுன் வேலை செய்தது, ஆகவே அது பிளக்குக்குள்தான் இருக்கிறது. பிளக்கில் 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது, அதனால் இப்போதைக்கு அதையே வைத்துக்கொள்கிறேன். டெய்ல்ஸ்கேலும் போட்டாயிற்று.

டேஷ்போர்டைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். முதல் பக்கத்தில் கண்டிஷனல் கார்டு மட்டும், ஏதாவது தப்பாக இருந்தால்தான் தெரியும், மற்ற நேரம் காலி. அம்மா பார்த்துவிட்டு ‘கெட்டுப்போச்சா?’ என்று கேட்டார், அதனால் ஒரு கடிகாரத்தை வைத்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். கேபிள் மாற்றும்போது பழக்கத்தில் மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டேன், எல்லாம் சேர்ந்து தூங்கிவிட்டது. இதை எங்கே மாற்றுவது?

நீண்டஅலை எழுதியது:

சிஸ்டம்டி (கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) இருக்கிற லினக்ஸ் என்றால் அதன் லாகின்டி.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் என்ற வரியைத் தேடி, முன்னால் இருக்கும் # குறியை நீக்கி, மதிப்பை ‘இக்னோர்’ என்று மாற்றிவிட்டு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூடியை முழுக்கச் சாத்தாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள், பழைய கணினிகள் விசைப்பலகை வழியாகவும் சூட்டை வெளியே விடும்.