கண்ணு வறட்சி, "ஜீன் ஆக்டிவ்வா இருக்கு"ன்னு சொல்றாங்க - அப்ப என் பொண்ணுக்கும் வருமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். 44 வயசு, ஸ்கூல் டீச்சர். ரெண்டு வருஷமா கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்தல், காலைல எந்திரிச்சா இமை ஒட்டிக்கும். செல்போன் பாக்கறதாலன்னு சொல்லி சொட்டு மருந்து குடுத்தாங்க, நானும் ஊத்திட்டே இருந்தேன். போன வருஷம் பெரியப்பா தவறுனப்ப துக்க வீட்ல எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழறாங்க, நானும்தான் அழறேன், நெஞ்சு அடைக்குது, ஆனா ஒரு சொட்டு கண்ணீர் வரல. "தூக்கி வளத்த மனுஷன் போயிட்டாரு, கல்லு மாதிரி நிக்குறா பாரு"ன்னு சித்தி என் காதுபடவே சொன்னாங்க. அப்பறம்தான் வேற டாக்டர்ட்ட போனேன். இமைக்குள்ள பேப்பர் துண்டு சொருகி 5 நிமிஷம் பாத்தாங்க, வலது 3 மில்லிமீட்டர், இடது 2தான் நனைஞ்சுது. ரத்தத்துல எஸ்எஸ்ஏன்னு ஒரு ஆன்டிபாடி (நம்ம உடம்பையே தாக்கற புரதம்) பாசிட்டிவ். ஷோக்ரன்ஸ்னு சொல்லிட்டாங்க, அதாவது நோய எதிர்க்கற இம்யூன் செல்லே நம்ம கண்ணீர், எச்சில் சுரப்பிய தாக்கற வியாதி.

ரெண்டு சந்தேகம். இம்யூன் செல்லுல சில ஜீன் ரொம்ப ஆக்டிவ்வா இருக்கு, அதான் இன்ஃப்ளமேஷன் (அழற்சி)னு டாக்டர் சொன்னதும் என் மாமியார் "ஜீன்னா பரம்பரை வியாதிதானே"ன்னு பிடிச்சுக்கிட்டாங்க. பொண்ணுக்கு 19 வயசு. அவளுக்கும் வருமா? ரெண்டாவது, இன்ஃப்ளமேஷன அடக்க சைக்ளோஸ்போரின்னு ஒரு சொட்டு குடுத்தாங்க, ஊத்துனா எரியுது, மூணு வாரம் ஊத்தியும் ஒண்ணும் தெரியல, நிறுத்திட்டேன். தப்பா?

பச்சமொளகா:
அக்கா ராத்திரி படுக்கறப்ப வெளக்கெண்ணெ ஒரு சொட்டு விடுங்க, எங்க அப்பத்தா 90 வயசு வரைக்கும் கண்ணாடி போடல.

லேப்கோட்டு:
தம்பி, கடைல விக்கற எண்ணெய கண்ணுல விட சொல்லாதீங்க, அது சுத்தம் பண்ணி கண்ணுக்குன்னு தயாரிச்சது இல்ல. தவிர அப்பத்தாவுக்கு இருந்த கண்ணு வேற, அக்காவுக்கு இருக்கற பிரச்சனை வேற.

அக்கா, நான் டாக்டர் இல்ல, இம்யூனாலஜி லேப்ல வேலை. ஜீன் இருக்கறது வேற, ஜீன் ஓடறது வேற. உங்க கண்ணு செல்லுலயும் கால் கட்டவிரல் செல்லுலயும் இருக்கறது ஒரே ஜீன் கூட்டம்தான், எந்த இடத்துல எது எப்ப ஓடுதுங்கறதுலதான் வித்தியாசமே. வைரஸ் வந்தா இன்டர்ஃபெரான்னு ஒரு எச்சரிக்கை புரதம் சுரக்கும், உடனே எம்எக்ஸ்1, ஐஎஸ்ஜி15 மாதிரி ஜீனெல்லாம் ஓட ஆரம்பிக்கும், வைரஸ் போனதும் அடங்கிரும். ஷோக்ரன்ஸ் இருக்கற நெறய பேருக்கு வைரஸ் எதுவும் இல்லாமலே அதெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. கோயில் கொடை முடிஞ்சு சாமி மலையேறியாச்சு, குழாய் ரேடியோவ மட்டும் யாரும் அணைக்கல, அந்த மாதிரி. உங்க டாக்டர் சொன்னது இந்த சத்தத்த. அது பரம்பரையா வந்த கோளாறு ஜீன்னு அர்த்தம் இல்ல.

கண்ணுல என்ன நடக்குதுன்னா டி செல்லுங்கற ஒரு வக இம்யூன் செல்லுங்க கண்ணீர் சுரப்பிக்குள்ளயும் வெள்ள விழி மேல இருக்கற சவ்வுக்குள்ளயும் பூந்து இன்டர்ஃபெரான்ல காமாங்கற வகைய விடுது, அதுல சளி சுரக்கற கோப்லட் செல்லு கொறஞ்சு போகுது, அந்த வழவழப்பு இல்லேன்னா கண்ணீர் விழி மேல ஒட்டி நிக்காது, சீக்கிரம் காயும், மிச்சம் இருக்கற கண்ணீர்ல உப்பு ஏறும், அந்த உப்பு பட்டதும் விழியோட மேல்தோல் செல்லே பயந்து போய் இன்ஃப்ளமேஷன கூட்டற ஐஎல்-1, டிஎன்எஃப் ஜீன ஓட விடும். கூடவே எம்எம்பி-9ன்னு ஒரு நொதி, அது விழி மேல்தோல்ல செல்லுக்கு செல்லு இருக்கற இறுக்கத்தையே பிச்சு விடும். அந்த செல்லுங்க எச்எல்ஏ-டிஆர்ங்கற புரதத்த வேற வெளிய நீட்டி டி செல்ல இன்னும் உசுப்பி விடும். காயறதால இன்ஃப்ளமேஷன், இன்ஃப்ளமேஷனால இன்னும் காயுது. வெறும் லூப்ரிகண்ட் சொட்டு ரெண்டு வருஷம் ஊத்தியும் தீராததுக்கு காரணம் இதான், அது நனைக்கும், சுத்திக்கிட்டு இருக்கறத நிறுத்தாது.

பரம்பரை பங்கு சுத்தமா இல்லன்னு சொல்ல மாட்டேன். 2013ல வந்த பெரிய மரபணு ஆய்வுல எச்எல்ஏ, ஐஆர்எஃப்5, ஸ்டாட்4ங்கற இம்யூன் ஜீன் பக்கம் எல்லாம் இந்த வியாதியோட தொடர்பு தெரிஞ்சுது. ஆனா எச்எல்ஏ தவிர மத்ததெல்லாம் தனித்தனியா பாத்தா வாய்ப்ப கொஞ்சம்தான் கூட்டும். ஒரு ஜீன் வந்தா வியாதி வந்தே தீரும்ங்கற கணக்கு இங்க கெடையாது. குடும்பத்துல இருந்தா மத்தவங்கள விட வாய்ப்பு கொஞ்சம் கூட, அவ்ளோதான், பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வராது. பொண்ணுக்கு கண்ணு வாய் வறட்சி, மூட்டு வலி ஏதாவது வந்தா பாருங்க, இப்பவே டெஸ்ட் எடுக்க கூட்டிட்டு ஓடாதீங்க.

கடலோரக்காரி:
எனக்கும் இதே வியாதி, 6 வருஷமா. சைக்ளோஸ்போரின் விஷயத்துல நானும் உங்கள மாதிரியே மூணாவது வாரம் தூக்கி போட்டவதான். திரும்ப ஆரம்பிச்சு நாலாவது மாசம்தான் காலைல இமை ஒட்டாம எந்திரிச்சேன். லூப்ரிகண்ட் ஊத்தி 15 நிமிஷம் கழிச்சு இத ஊத்துங்க, எரிச்சல் பழகிரும். ஆரம்பத்துல டாக்டர் எனக்கு ரெண்டு வாரம் ஸ்டீராய்டு சொட்டு சேத்து குடுத்தாரு, ஆனா அத நீங்களா மெடிக்கல்ல வாங்கி ஊத்திராதீங்க, கண்ணு பிரஷர் ஏறும், புரை விழும். ஃபேன் காத்து மூஞ்சில அடிக்காம படுங்க. பல்லும் பாத்துக்கங்க, எச்சில் இல்லாம எனக்கு ரெண்டு கடவாப்பல்லு போச்சு.

இன்னொண்ணு, எஸ்எஸ்ஏ பாசிட்டிவ் இருக்கற பொண்ணுங்க மாசமானா கண்டிப்பா டாக்டர்ட்ட சொல்லணும். அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு போய் 100ல ஒண்ணு ரெண்டு குழந்தைக்கு இதயத்துடிப்ப மந்தமாக்கும். எனக்கு வாரா வாரம் குழந்தைக்கு எக்கோ எடுத்தாங்க, பையன் நல்லா இருக்கான்.

பச்சமொளகா:
சரி வெளக்கெண்ணெய வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா மருந்து வேலை செய்ய ஏன் நாலு மாசம்? அப்பறம் இது பொம்பளைங்களுக்கு மட்டும்தானா?

லேப்கோட்டு:
நல்ல கேள்வி. டி செல்ல உசுப்புனா உள்ள கால்சிநியூரின்னு ஒரு நொதி வேலை செய்யும், அது என்ஃபாட்ங்கற புரதத்த உட்கருவுக்குள்ள அனுப்பும், அது போய் டி செல்ல பெருக வெக்கற ஐஎல்-2 ஜீன ஆன் பண்ணும், டி செல்லு பெருகும். சைக்ளோஸ்போரின் கால்சிநியூரினயே மடக்கிரும். அதாவது இனிமே ஆன் ஆகறத தடுக்குது, ஏற்கனவே கொட்டிக்கெடக்கறத அள்ளி வெளிய போடறது இல்ல. பழசு அடங்கணும், கோப்லட் செல்லு திரும்ப வளரணும். அதுக்குத்தான் மூணுலேர்ந்து ஆறு மாசம்.

ஆம்பளைங்களுக்கும் வரும், ஆனா 9 பொண்ணுக்கு 1 ஆணு. எக்ஸ் குரோமோசோம் ரெண்டு இருந்தா ஒண்ணு அணைஞ்சுரும்னு படிச்சிருப்போம், ஆனா டிஎல்ஆர்7 மாதிரி சில ஜீன் சில இம்யூன் செல்லுல அணையாம தப்பிச்சிருது, இன்டர்ஃபெரான கெளப்பி விடறதுல அதுக்கு பங்கு உண்டு. அதுக்காக ஹார்மோன ஒதுக்கிர முடியாது. இத 1933ல 19 பொம்பளைங்கள வெச்சு எழுதுனவரு ஹென்ரிக் ஷோக்ரன், ஸ்வீடன் கண்ணு டாக்டர், அந்த ஆராய்ச்சிக்கு அவருக்கு மார்க் கம்மியா போட்டு வாத்தியார் வேலைக்கு தகுதி இல்லன்னுட்டாங்க.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து டாக்டர்ட்ட ஃபோன்ல கேட்டுட்டு சொட்ட திரும்ப ஆரம்பிச்சுட்டேன், எரியுது, பொறுத்துக்கறேன். மாமியார்ட்ட குழாய் ரேடியோ கதைய சொன்னேன், புரிஞ்சுது போல, "அப்ப யாரு அணைக்கணும்"னு கேக்கறாங்க. சித்திட்ட மட்டும் இன்னும் ஒண்ணும் சொல்லல. கடலோரக்காரி, பல்லுக்கு என்ன பேஸ்ட் போடுறீங்க?

கடலோரக்காரி:
ஃப்ளோரைடு கூட இருக்கறது, பல் டாக்டர் எழுதி குடுத்தது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா போய் காட்டுங்க. காதுக்கு கீழ கன்னத்துல வீக்கம் வந்து கொறையாம கெட்டியா நின்னா மட்டும் அன்னிக்கே வாத நோய் டாக்டர்ட்ட போங்க, அத தள்ளிப் போடாதீங்க.