குடும்பக் குழுவில் ஒரு கிட்டார் பஞ்சாயத்து

கவின்: முரளி மாமா, ஒரு சந்தேகம். எலக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றால் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்கிறது. பாதி நேரம் இடது கையால் நெக்கைத் தாங்குவதே வேலையாக இருக்கிறது.

முரளி மாமா: எந்த வடிவம்? ஒரு படம் போடு.

கவின்: 📷 புகைப்படம்

முரளி மாமா: நினைத்தேன், எஸ்.ஜி! அதற்கு இது பிறவிக் குணம். 1961இல் கிப்ஸன் கம்பெனி தன் லெஸ் பால் கிட்டாரை இளைக்க வைத்துக் கொண்டுவந்த வடிவம். பாடி மெலிசு, நெக் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோளில் மாட்டும் பட்டைக்கு இரண்டு பட்டன் உண்டு, அதில் முன் பட்டன் எங்கே இருக்கிறது பார். நெக் பாடியோடு சேரும் இடத்தில், பின்பக்கம்.

கவின்: ஆமாம் மாமா.

முரளி மாமா: ஃபெண்டரின் ஸ்ட்ராட் கிட்டாரில் பாடியின் மேல் கொம்பு கிட்டத்தட்ட நெக்கின் 12ஆவது ஃப்ரெட் கம்பி வரை நீளும், பட்டன் அதன் நுனியில். எடையின் மையம் இரண்டு பட்டனுக்கும் நடுவில் விழுந்துவிடும். உன்னுடையதில் மையம் முன் பட்டனை ஒட்டியே வந்துவிடுகிறது. அதுதான் சாய்கிறது.

அம்மா: தம்பி, தோளும் வலிக்கிறது என்கிறான். கனமான கிட்டாரா அது?

முரளி மாமா: இல்லை அக்கா, கனமே போதவில்லை! பாடி இன்னும் கனமாக இருந்தால் தலையைத் தூக்கிப் பிடிக்கும். தோள் வலிக்குப் பட்டைதான் காரணமாக இருக்கும். கவின், ஸ்ட்ராப் என்ன?

கவின்: கூடவே கொடுத்த நைலான் பட்டை. 2 அங்குலம்.

முரளி மாமா: அதை ஓரமாக வை. ஸ்வேட் தோல் பட்டை வாங்கு, சொரசொரப்பான பக்கம் சட்டையில் படவேண்டும். 3 அங்குலமாவது அகலம் வேண்டும். பட்டை தோளில் நகராவிட்டால் கிட்டார் சாயாது. அகலம் கூடினால் எடை பரவி வலியும் குறையும். மெத்தென்று இழுபடும் பட்டை வேண்டாம், நடந்தால் கிட்டார் குதிக்கும்.

சித்தப்பா: எதற்கு மாப்பிள்ளை இவ்வளவு? பின்னால் ஒரு ஈயக்குண்டைக் கட்டிவிட்டால் போச்சு.

முரளி மாமா: வேலை செய்யும் மச்சான், ஆனால் அதையும் பையன் தோள்தானே சுமக்க வேண்டும்? அதைவிடத் தலைப்பக்கம் குறைப்பது மேல். அது முன் பட்டனிலிருந்து ரொம்பத் தூரம், அங்கே குறையும் ஒவ்வொரு கிராமும் பின்னால் கூட்டுவதைவிடக் கூடுதலாக வேலை செய்யும். தந்தியை முறுக்கும் டியூனர்களில் எடை குறைந்தவை கிடைக்கின்றன.

யாழினி: பட்டனையே கழற்றி மேல் கொம்பில் வைத்தால்?

முரளி மாமா: செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் அது கடைசி வழி, மரத்தில் போட்ட துளை போட்டதுதான். போடுவதானால் ஸ்க்ரூவை விட மெல்லிய துளை போட வேண்டும். ஆழம் தெரிய ட்ரில் பிட்டில் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்புத் தடவினால் மரம் பிளக்காது.

கவின்: பட்டை வாங்கும்வரை ஏதாவது வழி இருக்கிறதா மாமா?

முரளி மாமா: அலமாரித் தட்டில் விரிக்கும் வழுக்காத விரிப்பில் ஒரு துண்டு வெட்டித் தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் வை. இடது கையை எடுத்துவிட்டுப் பார்.

கவின்: 📷 புகைப்படம்
கையை எடுத்துவிட்டேன். கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது!

அம்மா: என் அலமாரி விரிப்பையா வெட்டினாய்?

முரளி மாமா: வாசித்து முடித்ததும் அந்தத் துண்டைக் கிட்டார் மேல் போட்டுவைக்காதே. நைட்ரோ லாக்கர் பூச்சாக இருந்தால் ரப்பரும் வினைலும் பட்ட இடம் கறையாகிவிடும். அப்புறம், உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் இருக்கும் உயரத்துக்கே பட்டையைச் சரிசெய். முழங்கால் வரை தொங்கவிட்டால் மணிக்கட்டு வலிக்கும், அதற்குத் தனிப் பஞ்சாயத்து வைக்க வேண்டிவரும்.