எட்டா ஒன்பதா: அலெக் கின்னஸ் பஞ்சாயத்து

திண்ணைக்காரன்:
நேற்று பக்கத்து இழையில் ஒரு மேதை பிரிட்டிஷ் நடிகர் அலெக் கின்னஸைப் பற்றி "ஒரே படத்தில் ஒன்பது வேடம் போட்டவர்" என்று எழுதியிருக்கிறார், அதற்குக் கைதட்டல் வேறு. எட்டு ஐயா, எட்டு! 1949இல் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ். டியூக் பட்டம் பெற்ற பிரபு, வங்கிக்காரர், பாதிரியார், ஜெனரல், அட்மிரல், இளைஞர்கள் இரண்டு பேர், பலூனில் போகும் லேடி அகதா. விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். படம் பார்க்காமலே எழுத வந்துவிடுகிறார்கள்.

ஒன்பதாம்_ஆள்:
அந்த மேதை நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அந்த டியூக்குக்கு முந்தைய டியூக்கை மறந்துவிட்டீர்கள். பழைய கதை சொல்லும் இடத்தில் வருகிறாரே, அவரும் கின்னஸ்தான். ஆக ஒன்பது.

திண்ணைக்காரன்:
கண் சிமிட்டுவதற்குள் போய்விடுவதெல்லாம் வேடமா? அவருக்கு முதலில் தந்தது நான்கு வேடம். "ஏன் நான்கு, எட்டாகத் தரக்கூடாதா" என்று தந்தி அடித்தவர் அவரேதான். அவர் கேட்டது எட்டு.

ஒன்பதாம்_ஆள்:
எட்டு இலை போடச் சொன்ன வீட்டில் ஒன்பதாவது ஆள் சாப்பிட்டால் கணக்கில் வராதா? பிரமாதம்.

பிலிம்சுருள்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். அந்தச் சர்ச் காட்சியைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன். ஒரே ஃபிரேமில் ஆறு கின்னஸ். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, லென்ஸின் மற்ற பகுதிகளை மறைத்து, ஒருவரை எடுத்து, பிலிமைத் திருப்பிச் சுற்றி, மேக்கப் மாற்றி உட்கார வைத்து அடுத்தவரை எடுத்திருக்கிறார். இரவில் யாராவது கேமராவைத் தட்டிவிடப் போகிறார்கள் என்று ஸ்டூடியோவிலேயே படுத்துக் காவல் காத்தாராம். இன்று கணினியில் அரை நாள் வேலை.

திண்ணைக்காரன்:
ஆறு என்று நான் சொல்லவே இல்லையே. எட்டு என்றுதான் சொன்னேன்.

சாம்பல்மேகம்:
சின்ன சந்தேகம். இவரைக் குணச்சித்திர நடிகர் என்று சொல்லலாமா? 1957இல் தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய் படத்தில் நடித்ததற்குக் கிடைத்தது சிறந்த நடிகருக்கான ஆஸ்கர், துணை நடிகருக்கானது அல்ல. குணச்சித்திரம் என்றால் முதலில் என்ன அர்த்தம்?

ஒன்பதாம்_ஆள்:
அது கிடக்கட்டும். முந்தைய டியூக்குக்குத் திண்ணைக்காரரிடம் இன்னும் பதில் வரவில்லை.

களனிக்கரை:
க்வாய் என்றதும் வந்தேன். படத்தில் வரும் பாலத்தைத் தாய்லாந்தில் இல்லை, இலங்கையில் எங்கள் கித்துல்கலவில்தான் கட்டினார்கள், களனி கங்கைக்கு மேலே, நிஜ ரயிலை விட்டு வெடி வைத்தார்கள். கின்னஸ் நடித்த போர்க்கைதி கர்னல் நிக்கல்சன், தண்டனையாக அடைத்த தகரக் கொட்டடியை விட்டு வெளியே வரும் நடையைக் கவனித்தீர்களா? கால் சொல் கேட்காது, ஆனால் தலை குனியாது. போலியோவிலிருந்து மீண்டுவந்த தன் மகன் நடந்த விதத்தைத்தான் கின்னஸ் அங்கே கொண்டுவந்தார். எட்டு வேடத்தையும் ஒரு தட்டில் வையுங்கள், இந்தப் பத்தடி நடை போதும் எனக்கு.

திண்ணைக்காரன்:
நன்றாகச் சொன்னீர்கள் களனிக்கரை, முக்கியமாக "எட்டு வேடம்" என்று எழுதியதற்கு நன்றி. ஒன்பதாம் ஆள் கவனிக்கவும்.

களனிக்கரை:
ஐயோ, நான் உங்கள் பேச்சை அப்படியே திருப்பிச் சொன்னேன். என்னைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

ஜெடாய்_தம்பி:
எட்டோ ஒன்பதோ, உலகத்துக்கு அவர் ஸ்டார் வார்ஸ் படத்தின் ஓபி-வான் கெனோபிதான். நீங்கள் சொல்லும் கறுப்பு வெள்ளைப் படத்தை இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள்?

திண்ணைக்காரன்:
வந்துவிட்டார்! தம்பி, அந்த வசனங்களைக் குப்பை என்று கடிதத்தில் எழுதியவரே கின்னஸ்தான். நூறு தடவைக்கு மேல் பார்த்தேன் என்று வந்த பையனிடம், இனிமேல் பார்க்காதே என்று சொன்னவர். 1934இல் நடிகர் ஜான் கீல்குட்டின் ஹாம்லெட் நாடக மேடையில் ஆஸ்ரிக் வேடத்தில் நின்றவர், போரில் சிசிலிக் கரைக்குப் படகு ஓட்டிப் போனவர், 1979இல் பிபிசி தொடரில் உளவாளி ஸ்மைலியாகக் கண்ணாடி துடைத்தே ஏழு எபிசோட் நம்மை உட்கார வைத்தவர். அவர் கையில் ஸ்டார் வார்ஸ் ஒளிவாள் என்று ஒரு விளக்குக்குச்சியைக் கொடுத்துவிட்டு, அதுதான் வாழ்க்கை என்கிறீர்கள்.

ஜெடாய்_தம்பி:
குப்பை என்றவர் லாபத்தில் பங்கு வேண்டாம் என்று சொன்னாரா? இரண்டேகால் சதவீதம். கடைசிவரை வாங்கினார் அண்ணே.

ஒன்பதாம்_ஆள்:
😀 திண்ணைக்காரருக்குச் சதவீதத்திலும் கால் பங்கு கணக்கில் வராது போல. சில நொடிதானே.

திண்ணைக்காரன்:
போன தீபாவளிக்கு ஆலிவர் ட்விஸ்ட் படத்தில் கின்னஸ் போட்ட திருட்டுக் கும்பல் தலைவன் ஃபேகினின் மூக்கு அவருடைய சொந்த மூக்கு என்று இதே தளத்தில் சண்டை போட்டவர்தானே நீங்கள்? ஒட்டு மூக்கு என்று நான்தான் சொன்னேன். அந்த மூக்கால் வந்த யூத எதிர்ப்புப் புகாரில் 1948இல் வந்த படம் அமெரிக்காவில் 1951 வரை திரைக்கே வரவில்லை. அதற்கு இன்றுவரை ஒரு "சரி" கூட உங்களிடமிருந்து வரவில்லை.

ஒன்பதாம்_ஆள்:
மூக்கை நுழைத்துப் பேச்சை மாற்றாதீர்கள். முந்தைய டியூக். யார் நடித்தது? ஒரே வரியில் பதில்.

பிலிம்சுருள்:
அட்மிரல் சல்யூட் அடித்தபடியே கப்பலோடு முங்கிப்போகிறாரே, தொப்பி மட்டும் மிதக்குமே, அதையாவது பேசலாமா?

சாம்பல்மேகம்:
குணச்சித்திரம் என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்.

திண்ணைக்காரன்:
எட்டு. சனிக்கிழமை மறுபடி போட்டுப் பார்த்து, ஒவ்வொருவரும் வரும் நிமிடத்தைக் குறித்து இங்கே ஒட்டுகிறேன்.

ஒன்பதாம்_ஆள்:
ஒட்டுங்கள். முதல் ரீலில் தூங்கிவிடாதீர்கள்.