எட்டாம் வகுப்பு: கணினி விளையாட்டு உருவாக்கத்திலிருந்து ரோபோவுக்குப் போக முடியுமா?

பாலக்கோடு ஆசிரியை:
வணக்கம். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சென்ற பருவத்தில் ரோபோ போன்றவற்றை நிரல் எழுதி இயக்க உதவும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் எல்.இ.டி. விளக்கை ஒரு நொடிக்கு ஒருமுறை எரியச் செய்யும் நிரலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மாணவர்கள் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள், விளக்கும் எரிந்தது. ஆனால் அரை நொடிக்கு மாற்றுங்கள் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. இவ்வாண்டு முதலில் கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச் மென்பொருளில் விளையாட்டு உருவாக்கச் செய்யலாம் என்று நினைக்கிறேன். அங்கே கற்பது ரோபோவுக்கு உண்மையிலேயே கை கொடுக்குமா, அல்லது இரண்டும் தனித்தனிப் பாடங்களாக நின்றுவிடுமா? எங்கள் ஆய்வகத்தில் இணையமும் நிலையாகக் கிடைப்பதில்லை.

தேன்கனிக்கோட்டை ஆசிரியர்:
கை கொடுக்கும் அம்மா. ஸ்கிராட்சைக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம், இணையம் தேவைப்படாது. எங்கள் பிள்ளைகளிடம் விளையாட்டுக்கு ஒரு கதை கேட்டால் ராகிக் காட்டுக்குள் யானை இறங்குவதைத்தான் சொல்வார்கள். ஒரு மாணவி அப்படியே செய்தாள்: டார்ச் அடித்து யானையைத் திருப்ப வேண்டும், யானை பயிரைத் தொட்டால் நூறு புள்ளிகளில் ஒன்று குறைய வேண்டும். ஓடவிட்டதும் நான்கு நொடிகளுக்குள் நூறும் போய்விட்டது. “ஒரு தடவைதானே மிதித்தது, சார்?” என்று கேட்டாள்.

நான் விடை சொல்லவில்லை. ஒரு மாணவன் யானையாக நிற்க, இன்னொருவன் “தொடுகிறாயா, தொடுகிறாயா” என்று விடாமல் கேட்க, ஒவ்வொரு “ஆமாம்” என்ற பதிலுக்கும் அவளே ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்தாள். ஸ்கிராட்சில் கட்டளைகளை நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் செய்யும் முடிவிலாச் சுழல் நொடிக்கு ஏறத்தாழ 30 முறை அதே கேள்வியைக் கேட்கிறது என்பது அப்போது அவளுக்கே விளங்கியது. யானை வெளியே போகும்வரை காத்திருக்கும் கட்டளையைத் தானாகவே சேர்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஆர்டுயினோவில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எண்ணிக்கை தாறுமாறாக ஏறியது. எல்லாரும் ஒயரைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மாணவி மட்டும், “யானை இன்னும் ராகிக் காட்டுக்குள்ளேயே நிற்கிறது, சார்” என்றாள்.

ஓசூர் தானியங்கித் துறைப் பராமரிப்பாளர்:
இந்த யானைக் கணக்கைத்தான் நாங்கள் தொழிற்சாலையில் தினமும் போடுகிறோம். கன்வேயரில் ஒரு பெட்டி சென்சாரைக் கடந்து முடிப்பதற்குள் பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) அதைப் பலமுறை பார்த்துவிடும். முன்பு இல்லை, இப்போது இருக்கிறது என்ற மாற்றத்தை மட்டும் எண்ணினால்தான் ஒரு பெட்டி ஒரு பெட்டியாகப் பதிவாகும்.

ஆனால் திரையிலேயே நெடுநாள் தங்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. திரையில் உருவத்தைப் பத்து அடி எடுத்து வைக்கச் சொன்னால் எப்போதும் பத்து அடிதான் வைக்கும். தரையில் ஓடும் ரோபோவில் இரண்டு மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுற்றாது, பேட்டரி இறங்க இறங்க வேகமும் குறையும். அதனால் நேராகப் போகச் சொன்னாலும் ஒரு பக்கமாக ஒதுங்கும். பொத்தானும் அப்படித்தான். உள்ளே தகடுகள் சில மில்லி நொடிகள் துள்ளுவதால், மாணவி விளையாட்டில் செய்த அதே திருத்தத்தை இங்கே சேர்த்தாலும் சில வேளை இரண்டாக எண்ணும். முதல் தொடுகைக்குப் பின் 20 அல்லது 30 மில்லி நொடி பொறுத்து மறுபடி பார்க்கச் சொன்னால் சரியாகும். இதைப் பிள்ளைகள் கையில் பிடித்துப் பார்த்தால்தான் நம்புவார்கள்.

பாலக்கோடு ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. என்னிடம் நான்கு ஆர்டுயினோ பலகைகளே உள்ளன. ஆகவே ஒரு குழு விளையாட்டை அமைக்கும்போது இன்னொரு குழு பொத்தானை இணைக்கட்டும் என்று வாரத்துக்கு வாரம் மாற்றிவிடப் போகிறேன். விளக்கு நிரலை இனி எழுதிப் போட மாட்டேன். புளியங்கொட்டைகளை மட்டும் திங்கட்கிழமையே கொண்டு போகிறேன்.