டாக்கிங் ஹெட்ஸின் ‘லிசனிங் விண்ட்’ என்னிடம் வந்த வழி

நியூயார்க் ராக் குழுவான டாக்கிங் ஹெட்ஸ் என்றாலே பேச்சு ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாட்டுக்குத்தான் போகும். அது இடம்பெற்ற ‘ரிமெயின் இன் லைட்’ (1980) ஆல்பத்திலேயே, கடைசிக்கு முந்தைய பாட்டாக ‘லிசனிங் விண்ட்’ இருக்கிறது. குழுவின் பிரபலமான கச்சேரிப் படம் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸி’லும் இது கிடையாது. ஆல்பத்தை முழுசாக ஓடவிடுகிறவர்களுக்கு மட்டும் சிக்கும் பாட்டு.

எனக்கு அது அப்படியும் சிக்கவில்லை, ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் கேப்ரியல் வழியாக வந்தது. 2010இல் அவர் பிறர் பாட்டுகளை டிரம்ஸ், கிடார் எதுவும் இல்லாமல், ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பாடி ‘ஸ்கிராட்ச் மை பேக்’ வெளியிட்டார். சுருதியில் நிற்கும் தந்தி வாத்தியங்கள், தளர்ந்த குரல். பேருந்தில் கேட்டுக்கொண்டு போனவன், கதை என்னவென்று புரிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

மொஜீக் என்றொருவன். குன்றின் மேல் நின்று தன் ஊரைப் பார்க்கிறான். அமெரிக்கர்கள் வருவதற்கு முன்பிருந்த நாட்களை நினைக்கிறான். வெளியாட்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், ஆடம்பர வீடுகளில் இருக்கிறார்கள். அவன் சந்தையில் சாமான்கள் வாங்குகிறான். நடுங்கும் கைகளில் ஒரு பொட்டலம். அதை அமெரிக்கனுக்கு அனுப்பிவைக்கிறான். காற்று தனக்கு வழிகாட்டும் என்று நம்புகிறான். பொட்டலத்தில் இருந்த குண்டு வெடித்ததா, யார் செத்தார்கள் என்று பாட்டு சொல்வதே இல்லை.

அப்புறம்தான் மூலத்தைத் தேடிப் போனேன். பஹாமாஸின் நாசோவில் உள்ள காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவிலும் நியூயார்க்கிலும் பதிவான ஆல்பம் அது, தயாரிப்பு பிரையன் ஈனோ. ஆட வைக்கும் பாட்டுகள் எல்லாம் முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. இது வரும்போது தாளம் தணிந்து, பேஸ் கிடார் மட்டும் பொறுமையாக நடக்கிறது. பின்னால் கிடாரா சிந்தசைசரா என்று பிரிக்க முடியாத ஒரு ஊளை.

குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் கதையைப் படர்க்கையில் சொல்லிக்கொண்டு போகிறார்: அவன் பார்க்கிறான், அவன் நினைக்கிறான். பல்லவி வந்ததும் சட்டென்று தன்மைக்கு மாறிவிடுகிறார். காற்று ‘என்’ நெஞ்சில், புழுதி ‘என்’ தலையில். மெட்டு அவ்வளவு அழகு. பாத்திரம் கழுவிக்கொண்டே பல்லவியை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்வது யார் என்று அப்போதுதான் உறைத்தது. குண்டு அனுப்புகிறவனின் வாயிலிருந்து வருவதை நான் ரசித்துப் பாடிக்கொண்டிருக்கிறேன். குழாயை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

நெருங்கிய நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். “இது பயங்கரவாதத்துக்கு வக்காலத்து, வேறு ஒன்றுமில்லை” என்றார். இரவு வெகுநேரம் வாதாடினோம். அவன் செய்வது சரி என்று பாட்டு எங்கேயும் சொல்லவில்லை, அவன் நெஞ்சுக்குள் கொஞ்ச நேரம் நம்மை உட்கார வைக்கிறது, அவ்வளவுதான் என்பது என் கட்சி. அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இன்றும் எனக்கு என் கட்சிதான் சரி என்று படுகிறது. அந்த ஆல்பம் பதிவான 1980 கோடையில் ஈரானில் அமெரிக்கர்கள் பணயக்கைதிகளாக இருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் நியூயார்க் குழு ஒன்று இப்படி எழுதியது சின்ன விஷயமில்லை.

அட்டையையும் சொல்ல வேண்டும். முன்னால் நால்வரின் முகங்கள், மேலே சிவப்புப் பூச்சு. பின்னால் இமயமலைமேல் அணிவகுத்துப் பறக்கும் அமெரிக்கப் போர் விமானங்கள். பேஸ் வாசித்த டினா வேமௌத்தின் அப்பா அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர், விமானங்கள் அவரை நினைத்து வைத்தவை. பாட்டைக் கேட்டுக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இரண்டையும் யாரும் வேண்டுமென்றே இணைத்ததாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஒரே உறைக்குள் இருக்கின்றன.

2018இல் ஆஞ்செலிக் கிஜோ அந்த ஆல்பம் முழுவதையும் தன் குரலில் பாடி வெளியிட்டார். பெனினில் பிறந்தவர், அங்கிருந்த அடக்குமுறை ஆட்சி தாங்காமல் 1983இல் பாரிசுக்குப் போனவர். டாக்கிங் ஹெட்ஸ் இந்த ஆல்பத்துக்கான தாள உணர்வை நைஜீரிய இசைக்கலைஞர் ஃபேலா குட்டியின் இசையிலிருந்து கற்றார்கள். அது ஒரு மேற்கு ஆப்பிரிக்கப் பெண்ணின் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. மொஜீக்கைப் பற்றி வெளியே நின்று யாரோ சொன்ன கதை, அவர் பாடும்போது பக்கத்து வீட்டுக்காரன் கதை மாதிரி ஆகிவிடுகிறது. நான் அதிகம் கேட்பது இப்போது இதைத்தான்.

பிரிட்டிஷ் குழுவான தி ஸ்பெஷல்ஸ் 2021இல் தங்கள் எதிர்ப்புப் பாட்டுத் தொகுப்பில் இதைச் சேர்த்தார்கள், பாடியது ஹன்னா ஹூ. அந்த வழியாக இந்தப் பாட்டுக்கு வந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. இங்கே இருந்தால் எழுதுங்கள்: கதை புரிந்தது எந்த இடத்தில்?