புளியங்கட்டையைப் பிளக்க ஒரு லட்சத்துக்குள் இயந்திரம்: வாங்குவதா, செய்வதா?

விறகுக்கடை அறந்தாங்கி

வணக்கம். அறந்தாங்கிப் பக்கம் சிறிய விறகுக் கடை நடத்துகிறேன். தேநீர்க் கடைகள், கல்யாண சமையல்காரர்கள், இரண்டு பேக்கரிகள்தான் வாடிக்கை. சவுக்கும் தைலமரமும் மட்டும் வந்தவரை கோடாலியே போதுமாக இருந்தது. இப்போது சாலை விரிவாக்கத்தில் ஏலம் போன புளிய மரங்கள் மலிவாக வந்து, கொட்டகை நிறையக் கிடக்கின்றன. அடிமரம் ஒவ்வொன்றும் இரண்டடி விட்டம். ஆப்பு உள்ளே போகிறது, கட்டை பிளக்க மாட்டேன் என்கிறது. கோடாலிக்கு வருகிற ஆட்களும் சவுக்குக்கு ஒரு கூலி, புளிக்கு ஒரு கூலி என்கிறார்கள்.

கையில் ஒரு லட்சம் வரை இருக்கிறது. மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. இணையத்தில் விற்கும் திருகுக் கூம்பை மோட்டாரில் மாட்டுவது ஒன்று, விலை குறைவு. மைத்துனரின் டிராக்டர் ஹைட்ராலிக்கில் ஓட்டுவது இன்னொன்று. மூன்றாவது, பட்டறையில் சொல்லித் தனியாக ஒரு ஹைட்ராலிக் இயந்திரம் செய்துகொள்வது. கொட்டகையில் சிங்கிள் பேஸ் இணைப்புதான் இருக்கிறது. பக்கத்து வயலில் எங்கள் பம்புசெட்டுக்கு மூன்று பேஸ் வருகிறது. எதில் இறங்கலாம்? எத்தனை டன் தேவைப்படும்?

லேத் பட்டறை

கூம்பை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நேரான நார் உள்ள மரத்தில் அது திருகிக்கொண்டு போய் அழகாகப் பிளக்கும், விளம்பரப் படங்களில் காட்டுவதும் அந்த மரத்தைத்தான். புளியின் நார் பின்னிக் கிடக்கும். கூம்பு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால் பிளவதற்குப் பதிலாகக் கட்டையே சுழலும். இரண்டடி விட்டமுள்ள கட்டை சுழன்று முழங்காலில் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1440 சுற்று மோட்டாரில் நேராக மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுக்குமேல் அது ஓடவே கூடாது. வேட்டி, துண்டு, ஏன், கையுறைகூட அதன் அருகில் ஆபத்துதான்.

டிராக்டரில் டிப்பர் தூக்கும் குழாய் ஒன்றுதான் இருக்கிறதா, இரண்டா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

விறகுக்கடை அறந்தாங்கி

ஒன்றுதான் அண்ணா. பழைய வண்டி.

லேத் பட்டறை

அப்படியானால் அது தள்ளும், திரும்ப இழுக்காது. டிப்பர் பெட்டி தன் எடையாலேயே இறங்கிவிடுவதால் அதற்கு ஒரு குழாய் போதும். படுக்கையாக வைத்த சிலிண்டருக்கு இரு பக்கமும் எண்ணெய் போக வேண்டும். இரு வழி வால்வு சேர்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அறுவடைக் காலத்தில் டிராக்டர் உங்கள் கொட்டகையில் நிற்குமா? மைத்துனர் உறவும் முக்கியம் தம்பி.

டன் கணக்கைப் பார்ப்போம். 100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர செ.மீ. 160 பார் அழுத்தம் கொடுத்தால் ஏறக்குறைய 12.8 டன் தள்ளும். 80 மி.மீ. சிலிண்டர் அதே அழுத்தத்தில் 8 டன்னைச் சற்றுத் தாண்டும். சவுக்குக்கும் தைலத்துக்கும் 8 டன் தாராளம். புளிக்கு 100 எடுங்கள்.

ஆனால் டன்னை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் வேகத்தில் அடிபடுவார்கள். 100 மி.மீ. சிலிண்டர் 600 மி.மீ. நீள வேண்டுமானால் 4.7 லிட்டர் எண்ணெய் உள்ளே போக வேண்டும். சிங்கிள் பேஸில் 3 எச்.பி. மோட்டார் வைத்தால் 160 பாரில் நிமிடத்துக்கு 7 லிட்டர் கிடைக்கும். முன்னே போக 40 நொடி, திரும்பி வர 30 நொடி. கூலி ஆள் பீடி பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

மின்பணியாளர் பட்டுக்கோட்டை

மூன்று பேஸ் என்றதும் பம்புசெட் இணைப்பில் கை வைத்துவிட வேண்டாம். அது விவசாயத்துக்கான இலவச மின்சாரம். அதில் விறகுக் கடை இயந்திரம் ஓட்டுவது விதிமீறல். பிடிபட்டால் அபராதத்தோடு நிற்காமல் பம்புசெட் இணைப்புக்கே வினையாகும். மூன்று பேஸ் வேண்டுமென்றால் கடைக்கென்று வணிக இணைப்பு கேட்டு வாங்குங்கள்.

கோடாலிக்காரர்

எல்லோரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மரத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டாமா? கறிக் கடைக்காரர் வெட்டுவதற்குப் புளியங்கட்டையைத் தேடி வாங்குவதே அது பிளக்காது என்பதற்காகத்தான். அதை நடுவில் ஆப்பு வைத்து இரண்டாக்க நினைத்தால் 12 டன்னும் திணறும்.

முதலில் நீளத்தைக் குறையுங்கள். இரண்டடிக்குப் பதில் ஒன்றேகால் அடிக்கு அறுத்தால் பாதிச் சண்டை முடிந்தது. பிறகு நடுவை விட்டுவிட்டு, விளிம்பிலிருந்து மூன்று நான்கு அங்குலப் பட்டையாகச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசியில் மிஞ்சும் நடுக்கட்டை சிறியதாக இருக்கும், அது பிளந்துவிடும். கிளை புறப்படும் கவட்டையும் தூரும் வந்தால் பிளக்கவே முயலாதீர்கள், ரம்பத்தில் அறுத்துத் தள்ளுங்கள். உருண்டையாக நல்ல துண்டு கிடைத்தால் அதைக் கறிக் கடைக்கே விற்றுவிடுங்கள். விறகு விலையைவிட நிச்சயம் கூடுதலாகக் கிடைக்கும்.

தேயிலை ஆலை கோத்தகிரி

தைலமரம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆலையில் இலை உலர்த்தும் அடுப்புக்கு அதுதான் அதிகம் எரிகிறது. வெட்டிய ஈரத்தோடு பிளந்துவிட வேண்டும். காய்ந்தால் நார் இறுகி, அதே துண்டு இரண்டு மடங்கு வேலை வாங்கும். பிளந்த விறகு சீக்கிரம் காய்வதால் பேக்கரிக்காரரும் புகை என்று குறை சொல்ல மாட்டார். புளியையும் கிடப்பில் போடாமல் இப்போதே தொடங்குங்கள்.

விறகுக்கடை அறந்தாங்கி

கறிக் கடை யோசனைக்கு மிக்க நன்றி ஐயா, எனக்குத் தோன்றவே இல்லை. லேத் அண்ணா, வீட்டில் பழைய 5 எச்.பி. ஆயில் என்ஜின் ஒன்று இருக்கிறது. நீர்மூழ்கி மோட்டார் போட்ட பிறகு சும்மா கிடக்கிறது. 1500 சுற்று என்று தகட்டில் எழுதியிருக்கிறது. பயன்படுமா?

லேத் பட்டறை

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மோட்டார் கணக்கே போட்டிருக்க மாட்டேன்! அதையே வையுங்கள். ஒரு சுற்றுக்கு 8 சி.சி. தரும் கியர் பம்ப் வாங்குங்கள். 1500 சுற்றில் நிமிடத்துக்கு 12 லிட்டர். முன்னே போக 24 நொடி ஆகும். சிலிண்டர் முழுவதும் பின்வாங்காமல், கட்டை நுழையும் அளவுக்கு மட்டும் திரும்பி நிற்கும்படி ஒரு தடுப்பு வைத்துவிட்டால் ஒன்றேகால் அடிக் கட்டைக்கு இன்னும் குறையும்.

கவனிக்க வேண்டியவை. பம்பைப் பெல்ட்டில் ஓட்டாதீர்கள். கியர் பம்பின் தண்டு பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. ரப்பர் கப்ளிங் போட்டு நேராக இணையுங்கள். வாங்கும் முன் என்ஜின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். கியர் பம்ப் ஒரு திசைக்கென்றே வரும். தலைகீழாகச் சுற்றினால் ஆயில் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

உடல் பாகத்துக்கு 200 மி.மீ. ஐ பீம். 150 போதும், எடை குறையும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். சிலிண்டர் பீமுக்கு மேலே உட்கார்ந்து தள்ளுவதால் 12 டன்னும் பீமை வளைக்கப் பார்க்கும். 150 அந்த வளைவில் எல்லைக்கே போய்விடும். கத்திக்கு 25 மி.மீ. தகடு. முனை ஒல்லியாகவும் கூராகவும் இருக்கட்டும், பின்னால் விரியட்டும். புளியில் கத்தி பிளப்பதோடு நாரை அறுக்கவும் வேண்டியிருக்கிறது.

பழைய இரும்புக் கடையில் மண்வாரி இயந்திரச் சிலிண்டர் கிடைக்கும். தண்டில் கீறலோ துரு அரிப்போ இல்லையென்றால் தைரியமாக எடுக்கலாம். உள்ளே இருக்கும் சீல்களை மாற்றிக்கொள்ளலாம். மிச்சம் பிடிப்பதாக இருந்தால் இதில் பிடியுங்கள். அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்விலும் குழாயிலும் பிடிக்காதீர்கள். குழாய் இரட்டைக் கம்பிப் பின்னல் உள்ளதாக இருக்க வேண்டும். நம் வெயிலுக்கு 68 எண் ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றுங்கள்.

மின்பணியாளர் பட்டுக்கோட்டை

மின்சாரம் இல்லாவிட்டாலும் சொல்கிறேன். கைப்பிடி விட்டவுடன் நடுவுக்குத் திரும்பி நிற்கும் வால்வாகப் பாருங்கள். கட்டையை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கைப்பிடியை இழுப்பது வேண்டவே வேண்டாம். கட்டை வைக்கிறவரே இழுக்கட்டும். குழாயில் கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். என்ஜினை நிறுத்தி அழுத்தம் இறங்கிய பிறகு பாருங்கள்.

விறகுக்கடை அறந்தாங்கி

அனைவருக்கும் தகவல். இயந்திரம் ஓடுகிறது. சிலிண்டர் பழையது, பம்பும் வால்வும் புதியவை. என்ஜின் வீட்டில் இருந்ததால் செலவு லட்சத்துக்குள் அடங்கியது. சவுக்கு, தைலம் பேச்சே இல்லை. புளியை விளிம்பிலிருந்து எடுத்தால் மீட்டர் 120 பாரைத் தாண்டுவதில்லை. நடுவில் வைத்தால் 160 வரை ஏறி ரிலீஃப் வால்வு கத்துகிறது.

ஒரே தொந்தரவு. கத்தியைச் சிலிண்டர் முனையில் வைத்தோம். பாதி பிளந்த புளி கத்தியைக் கவ்விக்கொண்டு கூடவே திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் சம்மட்டியால் தட்ட வேண்டியிருக்கிறது.

லேத் பட்டறை

பீமின் இரு பக்கமும் கத்தி நடுவில் போய்வர இடம் விட்டு, கட்டையின் பாதி உயரத்துக்கு இரண்டு ஆங்கிள் துண்டுகளை நிமிர்த்தி வெல்டு செய்யுங்கள். கத்தி திரும்பும்போது கட்டை அவற்றில் முட்டிக் கழன்றுவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். ஒன்று முந்தினால் கட்டை கோணிக்கொண்டு சிலிண்டர் தண்டை வளைக்கும். நூல் பிடித்துப் பார்த்துவிட்டு வெல்டு வையுங்கள்.