சார்ஜ்: ஒரே பக்கத்தில் ஒன்பது இடம், வெள்ளிக்குள் சொல் வேண்டும்

லாஸ்பேட்டையிலிருந்து, செவ்வாய் காலை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மதியம் அச்சகத்துக்குப் போக வேண்டும். நான்காம் பக்கத்தில் மட்டும் சார்ஜ் ஒன்பது முறை வருகிறது. நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கும் அதுதான், அவர் வாங்கும் காசுக்கும் அதுதான். ஆளுக்குப் பொறுப்பாளர், காசுக்குக் கட்டணம் என்று போட்டுத் தப்பித்துவிட்டேன். பேட்டரிக்குச் செய்வது, பேட்டரியில் இருப்பது, ஓட ஓடத் தீர்வது, இந்த மூன்றும்தான் மாட்டிக்கொண்டன.

பாடநூலைப் பார்த்து மின்னூட்டம் என்று எழுதி நேற்று வகுப்பில் வாசித்தேன். வில்லியனூர் ஓட்டுநர் ஒருவர், "பேட்டரிக்குச் சத்து டானிக்கா மேடம்?" என்றார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. என்ன போடலாம்?

மஞ்சக்குப்பத்திலிருந்து, அன்றே

அம்மா, சிரித்தால் சிரிக்கட்டும். உண் என்பதன் பிறவினை ஊட்டு. தானாக உண்ண முடியாததற்கு இன்னொருவர் ஊட்டுகிறார். பேட்டரியும் குழந்தை மாதிரிதான். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இடத்துக்கு இடம் வேறு சொல் தேடுவதும் வீண்வேலை. "பலபொருள் குறித்த ஒருசொல்" என்று நன்னூலாரே இலக்கணம் சொல்லியிருக்கிறார். பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுக்க அப்படிப்பட்ட சொற்கள்தாம். ஆங்கிலத்தில் ஒரு சொல் ஒன்பது வேலை பார்க்கலாம், தமிழில் பார்க்கக் கூடாதா?

கடலூர் முதுநகரிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயாவுக்கு மறுப்பு. அதே பாடநூலில் எதிர்ச்சொல் மின்னிறக்கம். இறங்க வேண்டுமானால் முதலில் ஏறியிருக்க வேண்டும். ஊட்டியதற்கு எதிர்ச்சொல் இறக்கமா? செரித்தல் என்றாவது வைத்திருக்கலாம்!

இது சொல்லழகுச் சண்டை மட்டுமில்லை. நான் இயற்பியல் நடத்துகிறவன். மின்னூட்டம் என்பது எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள பண்பு, கூலும் கணக்கில் அளப்பது. பேட்டரியில் அது சேர்வதே இல்லை. ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் நுழைகிறதோ, அத்தனை மறுமுனை வழியே வெளியேறிவிடும். நிகரம் சுழி. சேர்வது வேதி ஆற்றல். ஈய பேட்டரி என்றால், தகடுகளில் படிந்த ஈய சல்பேட் ஒரு பக்கம் ஈயமாகவும் மறுபக்கம் ஈய டை ஆக்சைடாகவும் திரும்ப மாறுகிறது. அமிலம் கெட்டியாகிறது. அமிலமானியை (அமிலத்தின் ஒப்படர்த்தி காட்டும் கருவி) விட்டுப் பார்த்தால் மிதவை உயர்ந்து 1.28 அருகே நிற்கும். தீரத் தீர அது கீழே இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்கே தெரிகிறது. ஆகவே பண்புக்கு மின்னூட்டம், பேட்டரிக்கு வேறு சொல். ஒரே சொல்லைப் போட்டால் பிள்ளைகள் பேட்டரியைத் தண்ணீர்க் குடம் என்றே நினைப்பார்கள். இப்போதே அப்படித்தான் எழுதி வைக்கிறார்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து, புதன் காலை

நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். எங்கள் புத்தகத்தில் எப்போதும் மின்னேற்றம்தான். பண்புக்கும் அதுவே, பேட்டரிக்கும் அதுவே. ஒருவரும் சிரித்ததில்லை. நீங்கள் மின்தேக்கி (கெபாசிட்டர்) என்பதை நாங்கள் கொள்ளளவி என்போம். இங்கே வந்து அதைச் சொன்னபோதுதான் சிரித்தார்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, புதன் மதியம்

சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

சார்ஜின் மூலம் பிற்கால இலத்தீனின் கரிகாரே. வண்டியில் பாரம் ஏற்றுதல் என்று பொருள். அதற்கும் அடி காரஸ், அதாவது வண்டி. தோளில் ஏற்றினால் பொறுப்பு, கணக்கில் ஏற்றினால் கட்டணம், தலையில் ஏற்றினால் குற்றச்சாட்டு. எல்லாமே சுமைதான். வள்ளுவர் மயிற்பீலியை ஏற்றியே அச்சை முறித்துக் காட்டினார்: "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" (குறள் 475). பேட்டரியை அளவுக்கு மீறி ஏற்றினாலும் கதை அதுதான். கையேட்டின் முகப்பில் இந்தக் குறளைப் போடலாம்.

இன்னொன்று. காரஸ் என்பதில் நம் கால் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்குப் பல ஆண்டாக ஐயம். "கால்வல் நெடுந்தேர்" என்ற இடத்தில் கால் என்றால் சக்கரம். கால், கார், காரஸ்!

நம்மூரைப் பாருங்கள். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள். கல் சுமை. அந்தச் சுமையே தெப்பமாகிக் கரை சேர்த்த இடம் கரையேறவிட்டகுப்பம். ஊர்ப்பெயரிலேயே ஏற்றம் இருக்கிறது.

முதுநகரிலிருந்து, பத்து நிமிடம் கழித்து

காரஸ் இலத்தீனுக்கே கடன். கால் நாட்டுக் (இன்றைய பிரான்ஸ் பகுதி) கெல்ட்டியர்களிடமிருந்து வந்தது. உடனே கால் நாடு என்பதிலும் கால் இருக்கிறதே என்று ஆரம்பித்துவிடாதீர்கள், ஐயா. வெள்ளிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து, புதன் இரவு

ஏற்றம் என்கிறீர்கள். மாறு மாற்றம் ஆவது போல ஏறு ஏற்றம் ஆகும். அது தானாக ஏறுவது. பேட்டரி என்ன மாடிப்படியா ஏறுகிறது? ஏற்றுகிற செயலுக்கு மின்னேற்றல் என்றல்லவா வர வேண்டும்? அதிலும் சிக்கல். ஏல் என்ற வினையிலிருந்தும் ஏற்றல் வரும், வாங்கிக்கொள்வது என்ற பொருளில். "ஏற்பது இகழ்ச்சி" படித்தவர்கள்தானே நாம்? பேட்டரியைப் பிச்சை எடுக்க விடுகிறீர்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து

கொடுப்பவர் ஏற்றுகிறார், பேட்டரி ஏற்கிறது. இரண்டு பொருளும் பொருந்துகின்றனவே, ஐயா. பலபொருள் குறித்த ஒருசொல்!

நெல்லித்தோப்பிலிருந்து, வியாழன்

நான் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. எங்களிடம் வருகிறவர்கள் 'சார்ஜ் போடணும்', 'சார்ஜ் ஏறலை', 'ராத்திரி போட்டும் காலையில இறங்கிடுச்சு', 'சார்ஜ் நிக்கலை' என்பார்கள். ஏறலை என்றால் ஒரு கோளாறு, நிக்கலை என்றால் வேறு கோளாறு. வண்டியில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி நான்கைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்று கெட்டால் மற்ற மூன்றையும் இழுத்துவிடும். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு அவர்கள் சொல்கிற வார்த்தைதான் வழி. எந்தச் சொல் வைத்தாலும் ஏறுவது, நிற்பது, இறங்குவது மூன்றோடும் ஒட்டி வரட்டும்.

தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி ஒரு வரி சேருங்கள். சிலர் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு வருகிறார்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து, வெள்ளி காலை

எல்லோருக்கும் நன்றி. மின்னேற்றத்துக்கு ஐவர், மின்னூட்டத்துக்கு ஒருவர், சார்ஜே போதும் என்று தனிமடலில் இருவர். நேற்று மாலை வகுப்பில் நெல்லித்தோப்பு அண்ணனின் மடலை வாசித்தேன். 'நிக்கலை'க்கு எல்லோரும் தலையாட்டினார்கள்.

செய்வதற்கு மின்னேற்றம், தீர்வதற்கு மின்னிறக்கம். மீட்டர் காட்டும் சதவீதத்துக்கு இருப்பு. அதைச் சொன்னவர் அதே வில்லியனூர் ஓட்டுநர். "பாஸ்புக்கில் இருப்பு இல்லையா மேடம், அது மாதிரி" என்றார். முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே சார்ஜ் என்றும் எழுதியிருக்கிறேன். காய்ச்சி வடித்த நீர் பற்றிய வரி ஆறாம் பக்கத்தில் சேர்ந்துவிட்டது. குறள் சேரவில்லை, மன்னியுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து, வெள்ளி இரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்பவில்லை. பத்தாம் பக்கத்தில் ட்ரிக்கிள் சார்ஜ், அதாவது சொட்டுச் சொட்டாகக் கொடுப்பது, வருகிறதே, அதற்குச் சொட்டேற்றம் என்றா போட்டிருக்கிறீர்கள்? சொட்டு எந்த ஊரில் அம்மா மேலே ஏறும்?